உயிர்க்கூரை: மாடித் தளத்தில் நம் நாட்டுச் செடிகளை ஊரார் கூடி நடும் முறை

கடலூர், சிதம்பரம் தாலூகாக்களின் கிராமங்களில் வீட்டுக் கூரை இரண்டு தலைமுறைக் காலத்தில் பெரிதும் மாறிவிட்டது. பனையோலையும் தென்னங்கீற்றும் விழலும் வேய்ந்திருந்த இடங்களில் இப்பொழுது சிமெண்டுத் தளம் காணப்படுகிறது. 2011ஆம் வருஷம் டிசம்பர் 30ந் தேதி அதிகாலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய தானே புயல், மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிக் கீற்றுக் கூரைகளை வாரிக்கொண்டு போயிற்று. அதன் பின்னர் அரசாங்கமே கான்கிரீட் வீடுகள் கட்டிக் கொடுக்க முற்பட்டதால் இம்மாறுதல் மேலும் விரைவு பெற்றது.

சிமெண்டுத் தளம் காற்றுக்கு அசையாது என்பது பெரிய லாபம். ஆயினும் அதற்கு ஒரு குறை உண்டு. சித்திரை வைகாசி வெயிலைப் பகல் முழுதும் உள்வாங்கி, இரவில் வீட்டுக்குள் வெளியிடுவது அதன் இயல்பு. கீற்றுக் கூரையின்கீழ் இருந்து பழகிய முதியோரும் குழந்தைகளும் இதனால் படும் சிரமம் யாவரும் அறிந்ததே. இக்குறையை நீக்கும் வழிகளுள் ஒன்று, தளத்தின்மேல் மெல்லிய மண் பரப்பி, நம் நாட்டுச் செடிகளை வளர்த்து, கூரையை உயிருள்ளதாக்குவது. பள்ளிக்கூடம், ஊராட்சிக் கட்டடம், கூட்டுறவுச் சங்கக் கட்டடம் முதலிய பொதுக் கட்டடங்களில் ஊரார் தம் விருப்பத்தால் கூடி இதனைச் செய்யலாம். செய்யும் முறையும், செய்யுமுன் அறியவேண்டிய அபாயங்களும் இங்கே கூறப்படுகின்றன.

உயிர்க்கூரை என்பது யாது

உயிர்க்கூரை வேறு, மாடித் தோட்டம் வேறு. நமது தோட்டக்கலைத் துறை 2013-14ஆம் ஆண்டில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பரவச் செய்தது மாடித் தோட்டம். அதில் பைகளிலும் தொட்டிகளிலும் காய்கறி பயிராகும்; நாள்தோறும் ஜலம் விடவேண்டும்; பலன் அடுப்பங்கரைக்குப் போகும். உயிர்க்கூரையோ தளம் முழுவதையும் மூடும் பத்து சென்டிமீட்டர் கனமுள்ள மண் போர்வை. அதிற் பயிராவன மழையை நம்பி வாழும் சிறு செடிகள். அதன் பலன் நிழலும் குளிர்ச்சியும், தளத்தின் நீண்ட ஆயுளும், தேனீக்களுக்கு இரையுமேயன்றிக் காய்கறி அன்று.

குளிர்ச்சி மூன்று வழியாக உண்டாகிறது. முதலாவது, இலைகள் வெயிலைத் தளத்தின்மேல் படாமல் தடுக்கின்றன. இரண்டாவது, மண் போர்வை உஷ்ணத்தை மெதுவாகவே கடத்துகிறது. மூன்றாவது, செடிகள் வேரால் உறிஞ்சிய ஜலத்தை இலை வழியாக ஆவியாக விடுகின்றன. ஒரு லிட்டர் ஜலம் ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 கிலோ கலோரி உஷ்ணம் வேண்டும். அதே ஜலத்தைக் குடத்து நிலையிலிருந்து கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவருவதற்கு ஆவது 70 கிலோ கலோரியே. இவ்வளவு உஷ்ணமும் கூரையிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆனால் மண் முற்றும் உலர்ந்த காலத்தில் இம்மூன்றாவது வழி நின்றுபோய் முதலிரண்டுமே எஞ்சும் என்பதை மறக்கலாகாது.

இம்முறை உலகுக்குப் புதியதன்று. நார்வே தேசத்துக் குடியானவர்கள் பூர்ச்ச மரப்பட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் புற்கரணைகளை அடுக்கிக் கூரையிட்டு வந்தனர். அது குளிரைத் தடுக்கும் பொருட்டு. ஜெர்மனி தேசத்தார் அதனை நவீனக் கட்டடங்களுக்கு ஏற்றவாறு திருத்தினர். கனடாவின் டொரண்டோ நகரம் 2009ஆம் வருஷம் பெரிய புதுக் கட்டடங்களுக்கு இதனைக் கட்டாயமாக்கி விதி செய்தது. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்து விஞ்ஞானக் கழகம் 2008இல் திறந்த கட்டடத்தின்மேல் இரண்டரை ஏக்கர் பரப்பில் அவ்விடத்துக்கே உரிய செடிகளை நட்டிருக்கிறது. அச்செடிகளைத் தளத்தில் நிறுத்தி வைக்கத் தென்னை நாராலாகிய தட்டுகளே பயன்பட்டன என்பது தென்னை வளர்க்கும் நம்மவர் கவனிக்கத்தக்கது. இந்தியாவில் ஐதராபாத்தில் 2004இல் திறக்கப்பட்ட சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையக் கட்டடத்தின் கூரையிற் பெரும்பகுதி இவ்வாறே பசுமையாக்கப்பட்டது.

எனினும் குளிர்தேசத்து முறையை அப்படியே இங்கே எடுத்தாளுதல் கூடாது. நமது மழையும் வெயிலும் வேறு. நம் ஊருக்குப் பொருந்திய பாடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பிச்சாவரம் கற்பிப்பது

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்று முகத்துவாரத்திற்கும் கொள்ளிடத்து முகத்துவாரத்திற்கும் இடையே, ஏறக்குறைய 1,100 ஹெக்டேர் விஸ்தீரணத்தில் பிச்சாவரம் அலையாத்திக் காடு உள்ளது. சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரம் இக்காட்டுக்கு உரியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி தொடங்கிப் பல்லாண்டுகள் இக்காட்டைப் பகுதி பகுதியாக முழுதும் வெட்டி விற்றார்கள். வெட்டிய இடங்களில் வெயில் நேரே படவே, சேற்று நிலம் உலர்ந்து தாழ்ந்து தொட்டி போலாயிற்று. அதிற் புகுந்த கடல்ஜலம் திரும்பிப் போக வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பு மிகுந்தது. அந்நிலையில் மரம் தானாகவும் முளைக்கவில்லை. கன்று நட்டாலும் பிழைக்க இடமில்லை.

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையாரும் சுற்றுக் கிராமத்தாரும் கூடி இதற்குப் பரிகாரம் கண்டனர். முதலிற் செய்தது நடவு அன்று. மீன் முள்ளைப் போன்று கிளைத்த வாய்க்கால்களை வெட்டி, ஏற்ற வற்றத்தின்போது ஜலம் வந்து போக வழி செய்தனர். உப்புக் குறைந்த பின்னரே வெண்கண்டல் முதலியவற்றை நட்டனர். 1986க்கும் 2002க்கும் இடையே அக்காட்டின் பரப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 90 பங்கு பெருகியதை விண்கோள் படங்கள் காட்டின. வாய்க்கால்களில் வண்டல் படிவதால் அவ்வப்பொழுது தூர் எடுப்பதும் இவ்வேலையின் பகுதியாயிற்று.

இதனின்று நாம் கொள்ளவேண்டிய விதிகள் மூன்று. ஜலத்தின் வழி முதலில், நடவு பின்னர். அவ்விடத்துக்கு உரிய செடியே பிழைக்கும். நட்ட கைகள் பின்னும் வரவேண்டும். சதுப்பு நிலத்துக்குச் சொன்ன இவை கூரைக்கும் முற்றும் பொருந்தும். கூரையில் ஜலம் தேங்கினால் வீணாவது செடி மட்டுமன்று. கட்டடமும், கீழே இருக்கும் மனிதருமே அபாயத்துக்கு உள்ளாவர்.

கூரையின் தகுதி

எல்லாக் கூரையும் மண்ணைச் சுமக்க வல்லதன்று. இந்தியத் தர நிர்ணயத்தின் 875ஆம் எண் விதிப்படி, மனிதர் ஏறி நடமாடும் மட்டத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதற் பாரத்தையும், ஏற வழியில்லாத தளம் சுமார் 75 கிலோவையும் தாங்குமாறு கணக்கிடப்படுகிறது. இந்தப் பாரம் மனிதர் நடமாட்டத்துக்காக விடப்பட்ட இடம். நிரந்தரமாக மண் சுமத்துவதற்காக அன்று. சாதாரண வயல் மண்ணைப் பத்து சென்டிமீட்டர் கனத்திற் பரப்பினால், மழையில் ஊறிய நிலையில் அது சதுர மீட்டருக்கு 160 முதல் 200 கிலோ வரை நிற்கும். நூறு சதுர மீட்டர் தளத்தில் இது 16 முதல் 20 டன். கீழே குழந்தைகள் படிக்கும் அறை இருக்கும்போது இதனைக் குருட்டு நம்பிக்கையாற் செய்தல் பெருந்தவறு.

ஆகையால் ஊராட்சி ஒன்றிய இஞ்சினீயர், அல்லது தகுதி பெற்ற வேறு கட்டட இஞ்சினீயர் ஒருவர், தளத்தையும் உத்திரங்களையும் சுவர்களையும் பார்வையிட்டு, இன்ன பாரம் தாங்கும் என்று எழுத்து மூலம் தந்தாலன்றி வேலையைத் தொடங்கலாகாது. தேக்கு விட்டங்களின்மேற் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரையிட்ட பழைய மெத்தை வீடுகள், கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும் தளங்கள், ஆஸ்பெஸ்டாஸ் தகட்டுக் கூரைகள், ஓட்டுக் கூரைகள் ஆகியவை இதற்கு முற்றும் தகுதியற்றவை. கைப்பிடிச் சுவர் இல்லாத தளத்தில் ஊராரைக் கூட்டி வேலை வாங்குதலும் தகாது.

ஜலம் போகும் வழி

இந்த ஜில்லாவில் ஆண்டு மழையிற் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவக் காற்றாற் பெய்வது. புயற் காலத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேலும் மழை கொட்டுவதுண்டு. 2024ஆம் வருஷம் நவம்பர் இறுதியில் வந்த ஃபெங்கல் புயலின்போது புதுச்சேரியில் அவ்வாறே பெய்தது. 40 சென்டிமீட்டர் மழை நூறு சதுர மீட்டர் தளத்தின்மேல் விழுமாயின் அது 40,000 லிட்டர் ஜலமாகும். பத்து சென்டிமீட்டர் கனமுள்ள உயிர்க்கூரை இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் மழையைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும். மற்றவை யாவும் வெளியேறியே ஆகவேண்டும். உயிர்க்கூரை வெள்ளத்தைத் தடுக்கும் என்று சொல்வார் பேச்சைச் சிறு மழைக்குமட்டும் நம்பலாம்.

ஆதலால் முதல் வேலை வாட்டம் பார்ப்பது. அறுபது அடிக்கு ஓரடியாவது தளம் மழைநீர்க் குழாயை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். குழாய் ஒன்றே இருந்தால் இன்னொன்று அமைக்கவேண்டும். ஒன்று அடைபட்டாலும் மற்றொன்று உதவும். அன்றியும் கைப்பிடிச் சுவரில் மண் மட்டத்துக்குச் சற்று மேலாக ஒரு மிகைநீர்த் துவாரமும் வைத்தல் நலம். ஏரிக்குக் கலிங்கல் எதுவோ அது தளத்துக்கு இத்துவாரம்.

பின்பு கசிவுப் பரீட்சை. குழாய்களை அடைத்து, தளத்தில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஜலம் கட்டி, 48 மணி நேரம் நிறுத்தி, அறைக்குள் ஈரம் காண்கிறதா என்று பார்க்கவேண்டும். ஈரம் கண்டால் பழுது பார்த்து மறுபடியும் பரீட்சிக்கவேண்டும். மண் பரப்பிய பிறகு கசிவின் இடத்தைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

கசிவற்ற தளத்தின்மேல், பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் 500 மைக்ரான் கனமுள்ள விரிப்பை, கைப்பிடிச் சுவரில் ஒரு சாண் உயரம் ஏறுமாறு ஒரே பரப்பாக விரிக்கவேண்டும். ஒட்டு வேண்டியிருந்தால் வெப்பத்தால் இணைத்து வாங்குக. அதன்மேல் மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குச் செங்கல் ஜல்லி. ஜல்லியின் கூரிய முனை விரிப்பைக் கிழிக்காதபடி இடையே பழைய சாக்கு. ஜல்லியின்மேல் தென்னை நார் விரிப்பு. இவ்விரிப்பு சில ஆண்டுகளில் மக்கிவிடும். அதற்குள் வேர்கள் பின்னி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். குழாய் வாய்களைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு மண்ணே இடாமல் வெறும் ஜல்லி நிரப்பி, கம்பி வலை மூடியிடுக.

மண் கலவை

கூரை மண் வளமாக இருக்கவேண்டும் என்று எண்ணுவது இயற்கை. ஆனால் அது தவறு. தொழுவுரம் மிகுந்தால் ஐப்பசியில் களையும் தழையும் மிகுதியாய் எழும்பி, பங்குனியில் அவ்வளவும் காய்ந்து சருகாகும். கூரைக்கு வேண்டியது இலேசான, ஏழ்மையான, ஜலம் சீக்கிரம் வடியும் மண்.

நொறுக்கிய பழைய ஓடும் செங்கற்பொடியும் கலந்தது 2 பங்கு, பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்துச் செம்மண் 1 பங்கு, நன்கு மக்கிய தென்னை நார்க்கழிவு 1 பங்கு என்ற அளவிற் கலந்தால் போதுமானது. ஓட்டுத் துண்டுகள் பட்டாணி அளவுக்கு மேற்படாமல் இருத்தல் வேண்டும். சிதம்பரம் பகுதியின் கருங்களிமண் இதற்கு உதவாது. அது நனைந்தால் உப்பி ஜலத்தைத் தடுக்கும், உலர்ந்தால் வெடிக்கும். கடற்கரை மணலில் உப்பு இருப்பதால் அதுவும் விலக்கத்தக்கது. மக்காத நார்க்கழிவு செடிக்குக் கெடுதி செய்யும்.

கலவையின் பாரத்தை எவரும் எளிதில் அறியலாம். பத்து லிட்டர் கொள்ளும் வாளியின் அடியில் துளையிட்டு, கலவையை நிரப்பி, முழுதும் ஊறவைத்து, சொட்டுவது நின்றபின் நிறுத்துப் பார்க்கவேண்டும். வாளியின் எடையைக் கழித்து வரும் கிலோவைப் பத்தாற் பெருக்கினால், பத்து சென்டிமீட்டர் கனத்தில் ஒரு சதுர மீட்டரின் பாரம் கிடைக்கும். மேற்சொன்ன மூன்று சென்டிமீட்டர் ஜல்லியும் ஏழு சென்டிமீட்டர் கலவையும் சேர்ந்து 120 முதல் 150 கிலோவரை நிற்பது இயல்பு. இந்த எண்ணை இஞ்சினீயரிடம் கொடுத்தே அவருடைய சம்மதத்தைப் பெறவேண்டும்.

செடிகளின் தேர்வு

நம் பகுதியின் செடிகளை ஏன் தேர்ந்தெடுக்கவேண்டும் என்றால், நம் பருவத்தின் கணக்கு அவற்றுக்குத் தெரியும். மழையில் தழைத்து, தையிற் பூத்து விதைத்து, சித்திரையிற் சுருங்கி உறங்கி, மீண்டும் மழை கண்டதும் எழுவது அவற்றின் வழக்கம். குளிர்தேசத்துக் கூரைச் செடிகளுக்கு நமது அடைமழையும் கத்திரி வெயிலும் ஒத்துக்கொள்வதில்லை.

பிரண்டை முதலிடம் பெறும். வரப்பு வேலிகளில் எங்கும் கிடைப்பது; இரண்டு கணு உள்ள துண்டை ஊன்றினாற் போதும்; கோடையிலும் பச்சையாகவே இருக்கும்; துவையலுக்கும் ஆகும். சிறுபசலை தரையோடு படர்ந்து மண்ணை மூடும். விஷ்ணுகிராந்தி நீலப்பூப் பூத்து மணலிலும் வாழும். தும்பை தானே விதைத்து ஆண்டுதோறும் முளைக்கும், தேனீக்கள் விரும்பும். கடலோரக் கிராமங்களில் அடம்பங்கொடி உப்புக் காற்றைத் தாங்கிப் படரும். கள்ளிமுளையான் மெதுவாக வளர்ந்தாலும் நெடுங்காலம் நிற்கும். உத்திரத்தின் நேர்மேலே மண்ணைச் சற்று உயர்த்த இஞ்சினீயர் சம்மதித்தால் அங்கே துளசியும் மருளும் வைக்கலாம். மருளின் தரையடித் தண்டு கூர்மையானதாகையால் அதன்கீழ் விரிப்புக்குமேல் தட்டோடு பதிப்பது அவசியம். இராவணன் மீசைப் புல் மணற்குன்றுக்கு உகந்ததே. ஆனால் அதன் முள் காலைக் குத்துமாகையால் கூரைக்கு வேண்டாம்.

இரண்டு மூன்று வகைகளோடு நில்லாமல் ஐந்தாறு வகைகளைக் கலந்து நடுவது நலம். ஒன்று தோற்ற வருஷத்தில் மற்றொன்று நிற்கும். அடி வேரோடு பிடுங்கி வருதல் கூடாது. வரப்பிலும் வேலியிலும் உள்ளவற்றிலிருந்து நுனித் துண்டும் விதையும் எடுத்து, நாற்றுப் பையிற் பெருக்கிக்கொள்ள வேண்டும். மணற்குன்றைப் பிடித்திருக்கும் அடம்பைக் குலைத்துக் கூரையை அலங்கரிப்பது ஒரு வேலியைப் பிய்த்து மற்றொரு வேலி கட்டுவதாகும். காப்புக் காட்டில் கைவைத்தல் சட்டவிரோதமும் ஆகும்.

விலக்க வேண்டியவை

கோயில் கோபுரங்களின் இடுக்குகளில் ஆலும் அரசும் முளைத்துச் சுதையையும் கல்லையும் பிளப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அவற்றை நட்டவர் எவருமில்லை; காக்கையும் மைனாவும் விதையிட்டன. உயிர்க்கூரையில் மண்ணும் ஈரமும் இருப்பதால் இவ்வபாயம் பன்மடங்கு. ஆல், அரசு, அத்தி, வேம்பு ஆகியவற்றின் கன்றுகளை இரண்டு இலை விடும்போதே பிடுங்கவேண்டும். ஒரு மழைக்காலம் விட்டுவிட்டால் வேர் விரிப்பைத் தேடிப் போகும். உண்ணிச்செடி, பார்த்தீனியம், சீமைக் கருவேல் முதலியவற்றையும் விதை கட்டுமுன் எடுத்தெறிக.

பருவமும் நடவும்

ஆடியில் இஞ்சினீயர் பார்வையும் கசிவுப் பரீட்சையும் முடியவேண்டும். அப்பொழுதே நாற்றுப் பைகளிற் பிரண்டையும் பசலையும் ஊன்றிவைக்க வேண்டும். புரட்டாசி முதற் பதினைந்து நாளில் ஜல்லியும் கலவையும் ஏற்றிப் பரப்பி, புரட்டாசி முடிவதற்குள் நடவை முடித்துவிட வேண்டும். ஐப்பசி அடைமழையில் வெறும் மண் இருந்தால் அது கரைந்து குழாயை அடைக்கும்.

ஒரு முழத்திற்குச் சற்றே மேற்பட்ட பாதி இடைவெளி, அதாவது 25 சென்டிமீட்டருக்கு ஒரு செடி வைத்தால் சதுர மீட்டருக்கு 16. நூறு சதுர மீட்டருக்கு 1,600. நட்டவுடன் தண்ணீரும், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீரும், பின்னர் மழை பிடிக்கும்வரை இரண்டு நாளைக்கு ஒருமுறையும் விடுக. முதல் ஆண்டில் கூரையிலிருந்து வடியும் ஜலம் சிறிது பழுப்பாக இருக்கும். 2003ஆம் ஆண்டு முதல் மழைநீர்ச் சேமிப்புக் கட்டாயமாகையால் பல கட்டடங்களில் அது கிணற்றுக்கோ தொட்டிக்கோ போகிறது. குடிநீர்த் தொட்டியாயின் அவ்விணைப்பை மாற்றித் தோட்டத்துக்குத் திருப்பிவிட வேண்டும்.

ஊரார் உழைப்பு

நூறு சதுர மீட்டர் தளத்துக்கு ஜல்லியும் கலவையும் சேர்ந்து பத்து கன மீட்டர், அதாவது 10,000 லிட்டர். பத்து லிட்டர் கொள்ளும் சட்டியில் ஆயிரம் நடை. இருபது பேர் படிக்கட்டில் வரிசையாய் நின்று கைமாற்றினால் இரண்டு நாளில் முடியும் வேலை. ஏற்றியதை ஓரிடத்திற் குவித்தல் கூடவே கூடாது. ஒரு கன மீட்டர் ஈரக் கலவை ஒரு டன்னுக்கு மேற்பட்டது. வந்த சட்டியை வந்தவுடன் பரப்பவேண்டும். தளத்தின்மேல் ஒரே சமயத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்பதையும் இஞ்சினீயரே சொல்லவேண்டும். பள்ளிப் பிள்ளைகள் கீழே நாற்று வளர்க்கட்டும், தளத்துக்கு ஏற்றவேண்டாம்.

ஊரார் கூடிப் பொது வேலை செய்வது நமக்குப் பழைய வழக்கம். ஏரிக் கரையும் வாய்க்காலும் குடிமராமத்தால் நிலைத்தன. ஆனால் அதன் வரலாற்றில் வேறொரு பக்கமும் உண்டு. 1858ஆம் வருஷத்துச் சட்டம் கரை உடையும் ஆபத்திலும் வழக்கமான மராமத்திலும் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க இடங்கொடுத்தது. கூலியின்றிச் செய்யும் வேலைக்கு வெட்டி என்று பெயர். அச்சொல் இன்று பயனற்றது என்ற பொருளில் வழங்குவதே, அவ்வேலையை ஜனங்கள் எவ்வாறு கருதினர் என்பதற்குச் சாட்சி. தமிழ்நாட்டு அரசாங்கம் 2017இல் குடிமராமத்தைத் திட்டமாக மறுபடியும் தொடங்கியபோது அதற்குப் பணம் ஒதுக்கியே தொடங்கிற்று.

ஆகவே கிராம உத்தியோகஸ்தர்களும் நிலச்சுவான்தார்களும் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். விருப்பப் பணி என்பது பெரியவர் வாக்குக்கு அஞ்சி வரும் பணியன்று. நிலமுடையவனுக்கு ஒரு நாள் உழைப்பு ஒரு நாட் பொழுது. அன்றாடக் கூலிக்காரனுக்கோ அது அன்றைய அரிசி. நிலமுடையோர் டிராக்டரும் செம்மண்ணும் ஜல்லியும் உணவும் தந்து, தம் கையாலும் சட்டி தூக்குவாராக. கூலியாள் வேண்டுமிடத்து உரிய கூலி கொடுப்பாராக. வேறு எவரும் தாமே முன்வந்தாற் சேர்த்துக்கொள்க. வராதவர் பெயரைக் கேட்க வேண்டாம்.

ஆகஸ்டு 15ந் தேதி கூடும் கிராம சபையில் இதனை முன்வைத்தல் பருவத்துக்கும் ஒத்தது. இன்ன கட்டடம், இஞ்சினீயரின் கடிதம், செலவு, பொறுப்பாளர் ஆகியவற்றைத் தீர்மானத்தில் எழுதவேண்டும். அக்டோபர் 2ந் தேதிச் சபையில் நடவு நிலையைத் தெரிவிக்கலாம்.

இரண்டாங் கோடை

நடவு நாளில் நூறு பேர் வருவர். புகைப்படமும் எடுப்பர். உயிர்க்கூரையின் பிழைப்பை நிர்ணயிப்பது அந்நாள் அன்று. அடுத்த சித்திரையும் அதற்கடுத்த சித்திரையுமே. முதல் ஆண்டில் ஈர நினைவும் உற்சாகமும் இருக்கும். இரண்டாங் கோடையில் செடிகள் சுருங்கி, கூரை பாழ்போலத் தோன்றும்போது, ஏறிப்பார்க்கவும் ஆள் இராது. அப்பொழுது குழாய் வாயிற் சருகு அடைந்திருக்கும். அரசங்கன்று வேர் விட்டிருக்கும். பின்வரும் ஐப்பசியில் தளத்தில் ஜலம் தேங்கும்.

இதற்கு நம் பாசனத்தார் அறிந்த வழியே வழி. முறைத்தண்ணீர்போல முறை வைக்கவேண்டும். பன்னிரண்டு குடும்பங்கள், ஆளுக்கொரு மாதம். மூன்று ஆண்டுக்குப் பெயர்ப் பட்டியல் எழுதிக் கட்டடச் சுவரிலேயே ஒட்டவேண்டும். மாத முறைக்காரர் செய்யவேண்டியவை மூன்றே: குழாய் வாயைத் துடைத்தல், மரக்கன்றையும் களையையும் பிடுங்குதல், கீழறையின் உட்கூரையில் ஈரம் காண்கிறதா என்று பார்த்தல். பங்குனி முதல் ஆனி வரை பத்து நாளுக்கொருமுறை நூறு சதுர மீட்டருக்கு 500 லிட்டர் ஜலம் விட்டால் வேர்கள் உயிரோடிருக்கும். காய்ந்த தழையைத் தீபாவளிக்கும் கார்த்திகைத் தீபத்துக்கும் முன் அறுத்தெடுக்க வேண்டும். வாணத்தின் பொறி ஒன்று போதும். ஒரு மாதம் முறைக்காரர் கிடைக்காத ஊர், மண் ஏற்றுமுன்னரே அதனை ஒப்புக்கொண்டு இவ்வேலையைக் கைவிடுதல் சிலாக்கியம்.

தகுதியற்ற கூரைகளுக்கு

இஞ்சினீயர் மறுத்துவிட்டால் மனம் தளரவேண்டியதில்லை. தளத்துக்கு ஆண்டுதோறும் பங்குனியில் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கை பூசினால் வெயிலிற் பெரும்பகுதி திருப்பப்பட்டு அறை குளிரும். பாரமும் இல்லை, செலவும் சொற்பம். கீற்று வேய்ந்த மாட்டுக் கொட்டகைகளுக்கு நம் பெரியோர் கண்ட வழி உண்டு. வேரைத் தரையிலும் கொடியைக் கூரையிலும் வைப்பதே அது. ஆடிப்பட்டத்திற் கொட்டகையோரம் குழியெடுத்து எருவிட்டுப் பீர்க்கு விதைத்தால் புரட்டாசிக்குள் கூரையை மூடும். கோவைக்கொடி ஆண்டு முழுதும் நிற்கும். ஆனால் கீற்று நனைந்து மக்காதபடி, காய்ப்பு ஓய்ந்ததும் பீர்க்கங்கொடியை அறுத்துவிட வேண்டும். கோவையையும் புயற் காலத்துக்கு முன் கவாத்துச் செய்து இலேசாக்க வேண்டும். இவ்விரண்டும் மண் சுமக்காத கூரைக்கு ஏற்றவை. ஒரு குடும்பத்தின் கையாலேயே முடிபவை.

தகுதியுள்ள பொதுக் கட்டடம் கிடைத்த ஊரார் முதலில் பத்துச் சதுர மீட்டர் மட்டும் செய்து, ஒரு மழையும் ஒரு கோடையும் கடந்தபின் மற்றப் பாகத்தை விரிவாக்குவது உத்தமம். அதற்கு வேண்டுவது நூறு சட்டிக் கலவையும் ஜல்லியும், 160 செடியும், மாதம் ஒருமுறை ஏணியில் ஏற மனமுள்ள பன்னிரண்டு குடும்பங்களுமே.